கல் கொத்தியவர்களும் கை குலுக்கியவர்களும்: மேசன்களின் ஆரம்ப வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீமேசன் (ரகசியச் சடங்குகள் கொண்ட ஒரு சகோதரச் சங்கத்தின் உறுப்பினர்) என்ற சொல்லைக் கேட்டதும் பிரமிடு, ஒற்றைக் கண், மர்மமான கைகுலுக்கல் என்றுதான் பலருக்கும் நினைவு ஓடுகிறது. அந்தச் சொல்லைச் சுமந்தவர்கள் நெடுங்காலம் கல் தூசியைச் சுவாசித்துக்கொண்டு கூலிக்கு வேலை செய்த மனிதர்கள். இங்கே பேசப்படுவது முக்கியமாக அவர்களைப் பற்றித்தான். காலம் ஏறத்தாழ 1170 முதல் 1720களின் தொடக்கம் வரை. இடம் பெரும்பாலும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும், கொஞ்சம் ஜெர்மனி.

மேசன் என்றால் கொத்தனாரா, சங்கத்துக்காரரா?

முதலில் கொத்தனார்தான். இன்னும் சரியாகச் சொன்னால் கல்தச்சர். சங்கத்துக்காரர் பிற்பாடு வந்தவர்.

‘ஃப்ரீ’ என்ற ஒட்டுதான் குழப்பத்துக்குக் காரணம். சுதந்திரமானவர், யாருக்கும் அடிமைப்படாதவர் என்று பலரும் பொருள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பழைய ஆவணங்களோ கல்லைத்தான் காட்டுகின்றன. எந்தத் திசையில் உளி வைத்தாலும் பிளந்து போகாமல் இணங்கிக் கொடுக்கும் நுண்மணிச் சுண்ணாம்புக்கல்லையும் மணற்கல்லையும் இங்கிலாந்தில் ‘ஃப்ரீஸ்டோன்’ என்றார்கள். 1212-இல் லண்டனில் கூலி நிர்ணயித்த ஒரு லத்தீன் ஆணை, இந்தக் கல்லைச் செதுக்குபவர்களைத் தனியாகக் குறிப்பிடுகிறது. 1351-ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சு மொழியில் அதே கல்லின் பெயரைச் சொல்லி, அதில் வேலை செய்யும் தலைமை மேசனுக்கு நாளொன்றுக்கு 4 பென்னி என்றது. ‘ஃப்ரீமேசன்’ என்ற சொல்லே 1376-இல் லண்டன் மாநகர ஏட்டில் எழுதப்பட்டது. எழுதியவரோ வேறொருவரோ அதை அடித்துவிட்டு வெறும் ‘மேசன்’ என்று மாற்றியிருக்கிறார். உலகெங்கும் கோட்டை கட்டிக்கொண்ட ஒரு பெயர், எழுத்தர் அடித்துவிட்ட சொல்லாக வரலாற்றுக்குள் வருவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

நம்முடைய ‘மேஸ்திரி’க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சொல்லளவில் உண்டு. போர்த்துகீசியரின் ‘மெஸ்த்ரே’ தமிழில் மேஸ்திரி ஆனது. அதற்கு மூலம் லத்தீனின் ‘மாகிஸ்தர்’. தேவாலயம் கட்டிய தலைமை மேசனையும் லத்தீன் கணக்கேடுகள் அந்தச் சொல்லால்தான் அழைத்தன. ஆகவே இனி ‘தலைமை மேசன்’ என்று எழுதாமல் மேஸ்திரி என்றே எழுதுகிறேன். பொருளும் பொருத்தமாகவே இருக்கிறது: வரைபடம் போடுவது, ஆள் பிடிப்பது, கூலி பேசுவது, பழி சுமப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

கல்லைச் செதுக்குபவரும் அதை எடுத்துவைத்துக் கட்டுபவரும் ஒருவரேயா?

இல்லை. இதை வைத்தே லண்டனில் பெரிய தகராறு நடந்தது. கல்லை வெட்டிச் செதுக்குபவர்கள் ஒரு பக்கம், சுவரில் அடுக்கிக் கட்டுபவர்கள் மறுபக்கம். யார் எந்த வேலையைத் தொடலாம் என்ற சண்டை முற்றி, 1356-இல் மாநகர மன்றத்தின் முன் வந்து நின்றது. பக்கத்துக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து விதிகள் வகுத்தார்கள். தொழில் தெரிந்தவர் எந்த வேலையையும் செய்யலாம். பயிற்சிக் காலம் ஏழு ஆண்டுக்குக் குறையக் கூடாது. ஒட்டுமொத்த ஒப்பந்தம் எடுப்பவர், வேலையை முடித்துக் கொடுப்பார் என்று தொழிலில் உள்ளவர்களே பிணை நிற்க வேண்டும். செதுக்குபவர்கள் சார்பில் உட்கார்ந்த அறுவரில் ஒருவர் ஹென்றி யெவல். பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைப் புதுப்பித்த அரச மேஸ்திரி அவர்தான்.

லாட்ஜ் என்றால் என்ன?

நம் ஊரில் லாட்ஜ் என்றால் பஸ் நிலையத்துக்கு எதிரே அறை வாடகைக்குத் தரும் இடம். அங்கே அது கட்டுமான இடத்தில் சாய்வுக் கூரை போட்ட கொட்டகை. மழையிலும் பனியிலும் நின்று கல் கொத்த முடியாது, மழுங்கிய உளிகளைத் திறந்தவெளியில் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. 1278-இல் செஷயரில் வேல் ராயல் மடாலயம் எழுந்தபோது, தொழிலாளர்களுக்கு லாட்ஜ் கட்டிய செலவு கணக்கில் ஏறியிருக்கிறது. பிற்காலத்தில் சடங்கும் சபதமும் சூழ்ந்துகொண்ட அந்தச் சொல் தொடக்கத்தில் மரச்சட்டமும் கூரையும் மட்டுமே.

ஆனால் வருடக்கணக்கில் ஒரே கொட்டகையில் ஒன்றாக வேலை செய்பவர்களுக்கு வழக்கங்கள் உருவாகிவிடும். யார்க் பெருந்தேவாலயத்தின் 1352, 1370 விதிகளைப் படித்தால் அந்தக் கொட்டகைக்குள்ளேயே போய் நின்றது போல இருக்கும். பகல் வெளிச்சத்தில் வேலை தெரியத் தொடங்கியதும் உளியை எடுக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் கோடைக் காலத்தில் லாட்ஜிலேயே சற்றுத் தூங்கலாம். குடிப்பதற்கென்று இடைவேளையும் உண்டு. புதிதாக வருபவரை ஒரு வாரமோ அதற்கு மேலுமோ வேலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். சேர்ந்தபின் புத்தகத்தின் மேல் கைவைத்து, இந்த விதிகளைக் காப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

சோதனை, பிறகு சத்தியம், பிறகு உள்ளே அனுமதி. ஃப்ரீமேசன் சடங்கின் எலும்புக்கூடு இது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அப்போது அதில் மர்மம் எதுவும் இல்லை. தூக்க நேரத்தைக் கூட எழுதிவைத்த நிர்வாகத்தின் கறார்தான் இருந்தது.

நெசவாளர், ரொட்டி சுடுபவர் எல்லாம் ஊர்ச்சங்கம் வைத்திருந்தார்களே, மேசன்கள் மட்டும் ஏன் வேறு மாதிரி?

ரொட்டி சுடுபவருக்கு ஒரே ஊரில் தினமும் வாடிக்கையாளர்கள் உண்டு. மேசனுக்கு அப்படி இல்லை. சாதாரண ஊரில் வீடுகள் மரமும் மண்ணும்தான். கல் வேலை என்றால் கோட்டை, தேவாலயம், மடாலயம், பாலம். ஒன்று முடிந்தால் அடுத்தது நூறு மைல் தள்ளி இருக்கலாம். லண்டனைத் தவிர்த்துப் பெரும்பாலான ஆங்கில நகரங்களில் தனிச் சங்கம் வைக்குமளவுக்கு மேசன்கள் நிலையாகக் குடியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, அரசர் கட்டும் இடத்தில் ஆள்கூட்டம் திணறடிக்கும். வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் முதலாம் எட்வர்ட் கட்டிய பியூமாரிஸ் கோட்டையிலிருந்து 1296 பிப்ரவரியில் கருவூலத்துக்குப் போன கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. எழுதியவர்கள் சவாய் நாட்டிலிருந்து வந்த மேஸ்திரி ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜும் கணக்கர் வால்டர் ஆஃப் வின்செஸ்டரும். வாரச் செலவு ஏன் இவ்வளவு ஆகிறது என்று கேட்பவர்களுக்குப் பதிலாகக் கணக்கு அடுக்குகிறார்கள்: 400 மேசன்கள், 2,000 எடுபிடித் தொழிலாளிகள், 200 கல்லுடைப்பவர்கள், 30 கொல்லர்களும் தச்சர்களும், 100 வண்டிகள், 60 பாரவண்டிகள், 30 படகுகள். கூலி பாக்கி, ஆட்களைத் தக்கவைக்கப் படாதபாடு படுகிறோம், அவர்களுக்குச் சாப்பிட வழியில்லை என்றும் சொல்கிறார்கள். கடைசியில், கடவுளின் பெயரால் பணத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இதுவரை செய்ததும் வீண் என்று ஒரு பின்குறிப்பு. கட்டடத் தொழிலைக் கிட்டே இருந்து பார்த்த எவருக்கும் இந்தக் கடிதத்தின் தொனி பழக்கமானதாகவே இருக்கும்.

வர விரும்பாதவர்களையும் அரசர் வரவழைக்கலாம். விண்ட்சர் கோட்டைக்கு மூன்றாம் எட்வர்ட், மாவட்ட ஷெரீஃபுகளுக்கு ஆணை அனுப்பி மேசன்களைக் கட்டாயமாகத் திரட்டினார்.

இப்படித் தெரியாத ஊர்களிலிருந்து வந்த தெரியாத மனிதர்கள் ஒரே சாரத்தில் ஏறி நிற்கும்போது, இவனுக்கு உண்மையிலேயே வேலை தெரியுமா என்ற கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. மேசன்களின் ரகசியம், சத்தியம், அடையாளச் சொல் எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் கேள்விதான் என்பது என் கருத்து. பாபிலோனும் எகிப்தும் வேண்டியதில்லை.

பொறியியல் கல்லூரி இல்லாத காலத்தில் அவ்வளவு உயரம் எப்படிக் கட்டினார்கள்?

கவராயம், மூலைமட்டம், தூக்குக்குண்டு, கயிறு. இவற்றோடு வடிவியல். ஒரு சதுரத்தைப் போட்டு, அதன் பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்த்தால் பாதிப் பரப்புள்ள இன்னொரு சதுரம் கிடைக்கும். அதற்குள் இன்னொன்று. இப்படியே போனால் தூணின் அடித்தளத்திலிருந்து கோபுரத்தின் நுனி வரை அளவுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும். எண் கணக்கு அதிகம் தெரியாமலே இதைச் செய்யலாம்.

முழு அளவு வரைபடத்தைத் தரையிலேயே போட்டார்கள். சாந்து பூசிய தரையில் கூர்முனையால் கீறிய கோடுகள் யார்க்கிலும் வெல்ஸ் தேவாலயத்திலும் இன்றும் தெரிகின்றன. அந்தக் கோடுகளிலிருந்து மெல்லிய பலகையில் அச்சு வெட்டுவார்கள். செதுக்குபவர் அந்த அச்சைக் கல்லின் மேல் வைத்து ஓரம் கீறிக்கொண்டு கொத்துவார். கல் எங்கே போய் உட்காரப் போகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

1174-இல் கேன்டர்பரி தேவாலயம் எரிந்தபின் பிரான்சிலிருந்து வந்த வில்லியம் ஆஃப் சென்ஸ் அச்சுகள் தயாரித்துச் செதுக்குபவர்களிடம் கொடுத்ததை, அங்கிருந்த துறவி ஜெர்வேஸ் எழுதிவைத்திருக்கிறார். பெரிய பலிபீடத்துக்கு மேலே வளைவு கட்டுவதற்குச் சாரம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, காலடி மரம் முறிந்து வில்லியம் சுமார் 50 அடி கீழே விழுந்தார். படுத்த படுக்கையிலிருந்தே கொஞ்ச காலம் வேலை நடத்தினார். முடியவில்லை. பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். வேலையை முடித்தவர் வில்லியம் என்ற பெயரே கொண்ட ஓர் ஆங்கிலேயர்.

இந்த வடிவியல்தான் ரகசியமா?

ஜெர்மன் மொழி பேசிய நிலங்களில் ஒரு பகுதி அப்படித்தான். 1459-இல் ரெகன்ஸ்பர்க்கில் கூடிய கல்தச்சு மேஸ்திரிகள் பொது விதிகள் இயற்றினார்கள். ஸ்ட்ராஸ்பர்க் லாட்ஜுக்குத் தலைமை இடம். தரைப்படத்திலிருந்து உயர அளவை எடுக்கும் முறையைத் தொழிலுக்கு வெளியே யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

அந்த விதி எத்தனை நாள் தாங்கியது? 1486-இல் அதே ரெகன்ஸ்பர்க்கின் தேவாலய மேஸ்திரி மத்தேயஸ் ரோரிட்சர், சிறு கோபுரங்களுக்கு உயர அளவு எடுக்கும் வழியைப் படத்தோடு புத்தகமாக அச்சிட்டு ஓர் ஆயருக்குக் காணிக்கையாக்கினார். இருபத்தேழே ஆண்டுகள். அச்சு இயந்திரம் வந்தபின் எந்தத் தொழில் ரகசியத்துக்கும் ஆயுள் கெட்டியில்லை.

கல்லில் காணப்படும் அம்புக்குறி, நட்சத்திரம், கட்டக் கீறல்கள் எல்லாம் ரகசிய எழுத்தா?

இல்லை. இந்தக் கல்லை நான் செதுக்கினேன் என்ற கையொப்பம். வேலையின் தரம் பார்க்கவும் கூலி கணக்குப் போடவும் உதவியது. ஸ்காட்லாந்தில் பின்னாளில் இந்தக் குறிகளை ஏட்டில் பதிந்தார்கள்.

அரசாங்கம் மேசன்களின் கூட்டங்களைத் தடை செய்தது உண்மையா?

உண்மை. கடவுள் நம்பிக்கையோ சூனியமோ காரணம் அல்ல, கூலிதான் காரணம். 1348-இல் கொள்ளைநோய் இங்கிலாந்தில் நுழைந்து மக்களில் பெரும் பகுதியை வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்களுக்குக் கிராக்கி கூடியது. பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று 1349-இல் ஆணையும் 1351-இல் சட்டமும் வந்தன. யார் கேட்பார்கள்? 1360-களின் தொடக்கத்தில் இன்னொரு சட்டம், மேசன்களும் தச்சர்களும் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், கூட்டங்கள், சத்தியங்கள் யாவும் செல்லாது என்றது. அதுவும் பலிக்கவில்லை போலும். 1425-இல் ஆறாம் ஹென்றியின் பெயரால், மேசன்கள் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூடித் தொழிலாளர் சட்டங்களைக் குலைக்கிறார்கள் என்று குற்றம்சாட்டி, கூட்டம் கூட்டுபவர்களைப் பெருங்குற்றவாளிகளாக அறிவித்தார்கள். கலந்துகொண்டவர்களுக்குச் சிறையும் அபராதமும்.

ஒரு விஷயத்தைத் திரும்பவும் தடை செய்ய வேண்டியிருந்தது என்றால் அது நடந்துகொண்டே இருந்தது என்று பொருள். தொழிற்சங்க வரலாற்றை எழுதுபவர்கள் மேசன்களை ஃப்ரீமேசன் ஆர்வலர்களிடம் விட்டுவிட்டது எனக்கு ஒரு குறை.

‘பழைய கட்டளைகள்’ என்று சொல்லப்படும் சுவடிகளில் என்ன இருக்கிறது?

இரண்டு பகுதி. ஒன்று பெருமை பேசும் புராணம், மற்றொன்று நடைமுறை விதி. மிகப் பழையது 794 வரி கொண்ட ஓர் ஆங்கிலச் செய்யுள். 15-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தது என்பது இன்றைய கணிப்பு. அறக் கடமைகளைப் பாடும் கவிதை என்று நினைத்து நூலகப் பட்டியலில் போட்டிருந்தார்கள். 1830-களின் முடிவில்தான் ஹாலிவெல் என்ற இளம் அறிஞர் அது மேசன்களுடையது என்று கண்டு சொன்னார்.

அதன் கதைப்படி, எகிப்தில் பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் பிழைக்க வழியில்லாமல் நிற்கிறார்கள். யூக்ளிட் அவர்களுக்கு வடிவியல் கற்றுக்கொடுத்து அதற்கு மேசன் தொழில் என்று பெயர் வைக்கிறார். பின்னர் ஆங்கில மன்னன் அதெல்ஸ்தான் காலத்தில் அது இங்கிலாந்துக்கு வருகிறது. அதே நூற்றாண்டின் உரைநடைச் சுவடி ஒன்று பைபிள் சொல்லும் பெருவெள்ளத்துக்கு முன்பே போய்விடுகிறது: லாமேக்கின் பிள்ளைகள், கடவுள் நெருப்பாலோ நீராலோ உலகை அழிப்பார் என்று பயந்து, ஒன்று எரியாத, மற்றொன்று மூழ்காத இரண்டு தூண்களில் எல்லாக் கலைகளையும் எழுதிவைத்தார்களாம். வெள்ளம் வடிந்தபின் ஒன்றைப் பித்தகோரசும் மற்றதை ஹெர்மிஸும் கண்டெடுத்தார்களாம்.

காலக்கணக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள். தூசி படிந்த கையோடு கூலிக்கு நிற்கிற ஒருவனுக்கு, உன் தொழில் ஏழு கலைகளில் ஒன்றான வடிவியல், அதைக் கற்றவர்கள் பிரபுக்களின் பிள்ளைகள் என்று சொல்வது சும்மா இல்லை. நம் நாட்டில் சாதிப் புராணங்கள் செய்த வேலையை அங்கே இது செய்தது.

செய்யுளின் விதிப் பகுதி எனக்கு இன்னும் பிடிக்கும். கட்டளை பதினைந்து, குறிப்பு பதினைந்து. பிரபுவுக்கு அடிமைப்பட்டவனைப் பயிற்சிக்கு எடுக்காதே, அவனுடைய எஜமான் லாட்ஜுக்கே வந்து இழுத்துப்போனால் வம்பு. அங்கக் குறை உள்ளவனை எடுக்காதே. கற்பதற்காக அல்லாமல் இரவில் வேலை செய்யாதே. லாட்ஜில் நடப்பதை வெளியில் சொல்லாதே. செய்யுளின் கடைசியில் திடீரென்று சாப்பாட்டு மேசை ஒழுக்கம் தொடங்கிவிடுகிறது: மேசைத் துணியில் மூக்கைத் துடைக்காதே, பல்லைக் குத்திக்கொண்டு உட்காராதே. பிரபுக்களின் வழித்தோன்றல் என்றால் அதற்கேற்ப நடக்கவும் வேண்டுமல்லவா?

அதில் ‘முடிசூடிய நால்வர்’ என்று வருகிறார்களே, யார்?

ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் காலத்துக் கிறிஸ்தவச் சிற்பிகள் என்பது ஐதிகம். மருத்துவ தெய்வமான ஈஸ்குலாப்பியஸின் சிலையைச் செதுக்க மறுத்ததற்காக, ஈயப் பெட்டியில் அடைத்து ஆற்றில் எறியப்பட்டார்களாம். திருநாள் நவம்பர் 8. கல் தொழிலாளிகளுக்கு இவர்களே காவல் புனிதர்கள்.

சாலமோன் ஆலயம், ரோமானியத் தொழிற்குழுக்கள், டெம்ப்ளர் வீரர்கள்: இவர்களில் யாரிடமிருந்து வந்தது?

யாரிடமிருந்தும் இல்லை. ரோமானியக் குழுக்களின் வாரிசுகள் என்று சிலர் சொல்லும் ‘கொமாசினி’ மேஸ்திரிகள், இத்தாலியை ஆண்ட லொம்பார்து மன்னன் ரோதாரியின் 643-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருகிறார்கள் என்பது மெய். அவர்களுக்கும் எடின்பரோ லாட்ஜுக்கும் நடுவே கோடு போட ஆவணம் இல்லை. சிலுவைப் போர்த் துறவி வீரர்களின் டெம்ப்ளர் சபை 1312-இல் கலைக்கப்பட்டது. சிலுவைப் போர் வீரர்களை மேசன்களோடு முடிச்சுப் போட்ட பேச்சு பாரிஸில் 1730-களில் ராம்சே என்ற ஸ்காட்லாந்துக்காரர் வாயிலிருந்து வந்தது. நானூறு ஆண்டு இடைவெளியைக் கற்பனையால் நிரப்புவது எளிது.

அப்படியானால் அமைப்பாக எங்கே தொடங்கியது?

ஸ்காட்லாந்தில். நாளைக் கூடச் சொல்லலாம்: 1598 டிசம்பர் 28. ஆறாம் ஜேம்ஸ் மன்னரின் கட்டுமானப் பொறுப்பாளர் வில்லியம் ஷா, எடின்பரோவில் மேஸ்திரிகளைக் கூட்டி வைத்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு லாட்ஜுக்கும் ஆண்டுதோறும் ஒரு வார்டன், அதாவது பொறுப்பாளர். பயிற்சிக்கு ஏழு ஆண்டு. அதன்பின் பொதுவாக இன்னும் ஏழு ஆண்டு கழித்துத்தான் முழுத் தோழன், அதாவது முழுத் தகுதி பெற்ற மேசன். சேர்க்கும்போது ஆறு மேஸ்திரிகளும் இரண்டு பயிற்சியாளர்களும் உடனிருக்க வேண்டும். பெயரும் குறியும் ஏட்டில் ஏற வேண்டும். சாரத்தைச் சரியாகக் கட்டாமல் யாருக்காவது அடிபட்டால், அந்த மேஸ்திரி அதன்பின் தலைமைப் பொறுப்பில் இருக்க முடியாது. கேன்டர்பரி வில்லியம் இதைக் கேட்டிருந்தால் ஒரு பெருமூச்சு விட்டிருப்பார்.

‘கவன்’ என்று ஒரு சொல்லும் அதில் உண்டு. முறையான பயிற்சி இல்லாத ஆள். சாந்து இல்லாமல் கல்லடுக்கிச் சுவர் வைப்பவர்களுக்கு அங்கே அந்தப் பெயர். கவனை வேலைக்கு வைத்துக்கொள்ளும் மேஸ்திரிக்கு 20 பவுண்டு அபராதம்.

மறு ஆண்டு அதே நாளில் இரண்டாவது தொகுப்பு. கில்வின்னிங் லாட்ஜ் தன் மூப்பைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கும் போலிருக்கிறது, ஷா சமாதானம் செய்கிறார்: எடின்பரோ முதலாவது, கில்வின்னிங் இரண்டாவது, ஸ்டிர்லிங் மூன்றாவது. உறுப்பினர்களின் ‘நினைவாற்றல் கலை’யைச் சோதிக்க வேண்டும் என்ற புதுமையும் இதில் இருக்கிறது. ஒரு கட்டடத்தை மனத்தில் எழுப்பி, அதன் அறைகளில் நினைவில் வைக்க வேண்டியவற்றை இருத்தும் பழைய கிரேக்க, ரோமானியப் பயிற்சி அது. மறுமலர்ச்சிக் கால அறிவாளிகளிடம் பெரிய மோகமாக இருந்தது. கல் கொத்துபவர்களிடம் அதைக் கேட்டதிலிருந்துதான், லாட்ஜைக் கட்டடமாகவும் கருத்தாகவும் ஒருசேரப் பார்க்கும் பழக்கம் முளைத்தது என்று நினைக்க இடமிருக்கிறது.

ஷா 1602-இல் இறந்தார். டன்ஃபெர்ம்லின் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவர் கட்டளையால் எழுதத் தொடங்கிய கூட்டக் குறிப்பேடுகள்தான் வரலாற்றாசிரியர்களுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து. எடின்பரோ லாட்ஜின் குறிப்புகள் 1599 ஜூலையிலிருந்து கிடைக்கின்றன.

‘மேசன் சொல்’ என்றால் என்ன?

தெரியாத ஊருக்கு வேலை தேடிப் போகிறவன் தான் கவன் அல்ல, முறையாகச் சேர்க்கப்பட்டவன் என்று காட்டும் அடையாளம். சொல், கைகுலுக்கல், கேள்வி பதில். 1696 தேதியிட்ட எடின்பரோ கைப்பிரதி ஒன்று அதை விரிவாகவே எழுதிவைத்திருக்கிறது. புதியவனை மண்டியிட வைத்துச் சத்தியம் வாங்குவார்கள். பிறகு அவனை வெளியே அழைத்துப்போய், ஆயிரம் கோமாளித்தனமான சேஷ்டைகளாலும் முகக்கோணல்களாலும் பயமுறுத்துவார்கள். கல்லூரி விடுதிக்கு முதல் ஆண்டு போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி பதிலில் பைபிளின் அரசர்கள் நூலைச் சுட்டுகிறார்கள். சாலமோன் ஆலய வாசலில் நின்ற யாகின், போவாஸ் என்ற இரு தூண்கள் அங்கேதான் வருகின்றன. கட்டடம் கட்டுபவர்கள் பைபிளில் தேடினால் முதலில் கண்ணில் படும் கட்டடம் அதுதானே!

கல் தொடாத கனவான்கள் ஏன், எப்போது உள்ளே வந்தார்கள்?

1634 ஜூலையில் எடின்பரோ லாட்ஜ் ஒரு பிரபுவின் மகன்கள் இருவரையும் இன்னொரு கனவானையும் சேர்த்துக்கொண்டது. 1641 மே 20 அன்று ஸ்காட்லாந்துப் படையோடு வந்து நியூகாஸிலில் முகாமிட்டிருந்த எடின்பரோ மேசன்கள் சிலர், படை அதிகாரி ராபர்ட் மோரேயைச் சேர்த்தார்கள். பின்னாளில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர் இவர். ஐந்து முனை நட்சத்திரத்தைத் தன் மேசன் குறியாக வைத்துக்கொண்டு கடிதங்களில் அன்போடு வரைந்தார்.

இங்கிலாந்தில் பெரும்பாலும் முதலில் மேற்கோள் காட்டப்படுபவர் எலியாஸ் ஆஷ்மோல். 1646 அக்டோபர் 16, மாலை நாலரை மணிக்கு வாரிங்டனில் தன்னை ஃப்ரீமேசன் ஆக்கினார்கள் என்று நாட்குறிப்பில் எழுதினார். உள்நாட்டுப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஆஷ்மோல் அரசர் கட்சி. உடன் சேர்ந்த கர்னல் ஹென்றி மெயின்வாரிங் பாராளுமன்றக் கட்சி. அங்கே கூடியிருந்தவர்களின் பெயர்களை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலோர் கல் தொழிலாளிகள் அல்ல என்கிறார்கள். லண்டன் மேசன்கள் கம்பெனி என்ற நகரத் தொழிற்சங்கத்திலோ 1620-களிலேயே ‘ஏற்றுக்கொள்ளப்படுதல்’ என்ற உள்வட்டம் இருந்தது. ஏற்கெனவே கம்பெனி உறுப்பினர்களாக இருந்த மேசன்களும் அதில் சேரத் தனிப் பணம் கட்டினார்கள்.

ஏன் வந்தார்கள் என்பதற்கு ஒரே விடை கிடையாது. பழமையும் வடிவியலும் ரகசியமும் கலந்த எதுவும் அக்காலப் படித்தவர்களை இழுத்தது. கனவான் வந்தால் லாட்ஜுக்குப் பணமும் பாதுகாப்பும் கிடைத்தன. விருந்தும் நடந்தது.

1717-இல் என்ன நடந்தது?

ஜூன் 24 அன்று, புனித பவுல் தேவாலயத்துக்கு அருகில் ‘கூஸ் அண்ட் கிரிடையர்ன்’ என்ற மதுக்கடையில் நான்கு லண்டன் லாட்ஜுகள் கூடித் தங்களுக்குத் தலைமையாகப் பெரிய லாட்ஜை நிறுவின, ஆந்தனி சேயர் முதல் தலைவர் என்பது பாடம். இந்தக் கதைக்கு ஆதாரம், பெரிய லாட்ஜின் விதிநூலைத் தொகுத்த பாதிரியார் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1738-இல் எழுதியது, அதாவது இருபத்தோரு ஆண்டு கழித்து. அண்மையில் சில வரலாற்றாசிரியர்கள், மான்டேகு கோமகன் தலைவரான 1721-தான் உண்மையான தொடக்கம் என்று வாதிடுகிறார்கள். ஆண்டர்சனின் மற்ற ‘வரலாறுகளை’ப் படித்தவன் என்ற முறையில் என் சாய்வு அவர்கள் பக்கம். மேசன் வரலாற்றை ஆதாமிலிருந்து தொடங்கும் ஒருவரை மதுக்கடைத் தேதிக்கு மட்டும் நம்புவது கடினம்.

தமிழ்நாட்டுக்கு எப்போது வந்தது?

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு வந்தது. 1752-இல் சென்னையில் லாட்ஜ் உண்டு. ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத் உல் உமரா, 1770-களில் திருச்சிராப்பள்ளியில் சேர்ந்தார். அதற்குள் அது முழுக்கக் கனவான்களின் சங்கம் ஆகிவிட்டிருந்தது. நம் கல்தச்சர்களுக்கு அங்கே வேலை இல்லை.

கடைசியில் உண்மையான மேசன்கள் என்ன ஆனார்கள்?

லண்டனில் 1666 பெருந்தீக்குப் பின் நகரத்தைக் கட்ட ஆள் போதவில்லை. வெளியூர்க் கட்டடத் தொழிலாளிகளும் நகரத்தில் வேலை செய்யலாம் என்று 1667-இல் சட்டம் வந்தது. லண்டன் மேசன்கள் கம்பெனியின் பிடி அதோடு தளர்ந்தது.

எடின்பரோவில் கதை வேறு. அங்கே 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூலி மேசன்கள், தாங்கள் கட்டும் பணத்துக்கு மேஸ்திரிகள் கணக்குக் காட்டுவதில்லை என்று பிரிந்து போனார்கள். தனியாகக் கூடித் தாங்களே ‘மேசன் சொல்’ கொடுக்கத் தொடங்கினார்கள். மேஸ்திரிகள் அதிகாரிகளிடம் போய் இருவரைச் சிறையில் தள்ளவைத்தார்கள். வழக்கு, எதிர்வழக்கு, கடைசியில் மத்தியஸ்தம். 1715-இல் வந்த தீர்ப்பு: கூலி மேசன்கள் தாங்களே கூடலாம், சொல்லைக் கொடுக்கலாம், அதற்குரிய பணத்தையும் வாங்கலாம். ஆனால் கணக்கேடு ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். அந்த லாட்ஜ் ஸ்காட்லாந்துப் பட்டியலில் எட்டாம் எண்ணோடு இன்றும் இருக்கிறது.